உன் வக்கீல் யாருடைய வக்கீல்?

அண்ணா,

அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதினால் உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் நடுவில் சாப்பிட்டாயா என்று ஒரு வரி இருக்கும். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. அப்பா எழுதமாட்டார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒயிட்ஃபீல்டில் அறை எடுத்துப் போய்விட்டதை, "ஆபீஸ் பக்கத்துலயே இருக்கணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க" என்று நம் ஏரியா நீலசந்திரா முழுக்கச் சொல்லி வருகிறார். மிச்சம் நான்தான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். விருந்தாளி வந்தால் சமையலறைக்குள் போய்விடுகிறவள். எனக்குப் பதினெட்டு வயது, உனக்குப் புத்தி சொல்லும் வயதில்லை. ஆனால் அம்மா போன பிறகு உனக்குச் சோறு பொங்கியதும், உன் சட்டைக்கு இஸ்திரி போட்டதும், நீ ஊர் சுற்றிவிட்டு வந்த நாட்களில் அப்பாவிடம் உனக்காகப் பொய் சொன்னதும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அதை நம்பித்தான் நீங்கள் எல்லோரும் காரியம் செய்தீர்கள். இதன் பிரதி ஒன்றை நம் சர்ச் மாதப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. இந்தப் பக்கத்து மெடிக்கல் ஷாப் சுவர்களில் இன்னும் சில அண்ணன்களின் சர்டிபிகேட் தொங்கலாம். அவர்கள் வீட்டுத் தங்கைகளும் படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ டி.ஃபார்ம் படித்து, பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிந்து, முத்திரை போட்ட ஒரு சர்டிபிகேட்டுடன் வீட்டுக்கு வந்தபோது அம்மா அதைக் குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மருந்துக் கடை நடத்த வேண்டுமானால் அப்படிப் பதிந்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும், அவர் கண் முன்னால்தான் மருந்து கைமாற வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துத்தான் நீ பாஸ் செய்தாய். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அங்கிள் உன் தோளில் கை போட்டார். நம் அப்பாவின் சிநேகிதர், மருந்துக் கடை வைத்திருப்பவர், மருந்து படிக்காதவர். "தம்பி, சர்டிபிகேட்டை வீட்ல வெச்சா தூசிதான் படியும். நம்ம கடையில மாட்டு. நீ வேலைக்குப் போ, யாரு வேணாங்கிறா? பேப்பர்ல நீ பார்ட்னர். உன் சர்டிபிகேட்தான் உன் முதல். தங்கச்சிக்கும் கவுன்டர்ல ஒரு வேலை போட்டுத் தர்றேன்" என்றார். நீ யோசிக்கவே இல்லை. பக்கத்து பேக்கரியில் அவர் வாங்கிக் கொடுத்த பப்ஸைத் தின்று முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டாய். அடுத்த வாரம் சுவரில் உன் பெயர், அதன் கீழே ஸ்டூலில் நான். நீ ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால்.

கடை எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அங்கே இருந்ததே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆள் தூக்க மாத்திரை கேட்டார். "டாக்டர் சீட்டு இருக்கா அண்ணா?" என்று கேட்டேன். வெளியே வந்ததா உள்ளேயே நின்றதா என்று தெரியாத குரலில்தான் கேட்டேன். அங்கிள் பின்னாலிருந்து, "தெரிஞ்ச கஸ்டமர்மா, குடு" என்றார். கொடுத்தேன். அதன் பிறகு எல்லோரும் தெரிந்த கஸ்டமர்கள் ஆகிவிட்டார்கள். கவுன்டருக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கும். உன்னுடையது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஜீப் இந்தப் பக்கம் வருகிறது என்று யாராவது போன் செய்தால் அங்கிள் உனக்கு அடிப்பார், நீ ஆட்டோ பிடித்து வந்து கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒயிட்ஃபீல்டிலிருந்து நீலசந்திராவுக்கு, அந்த டிராஃபிக்கில், ஆட்டோவில்! பெங்களூரில் பிறந்து வளர்ந்த ஒருவன் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தான் என்றால் அவனை நம்பி யாரும் மருந்து வாங்கக் கூடாது.

ஒரு நாள் அந்த ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வெகு நேரம் கழித்துத்தான் நீ வந்தாய். கோட்டின் பட்டன் மாறிப் போட்டிருந்தது. "டீ குடிக்கப் போயிருந்தேன் சார்" என்றாய். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவர், "லைட் ஹாக்ரி சார்" என்றார் கன்னடத்தில், லைட்டைப் போடுங்கள் என்று. நீ சுவர் பக்கம் திரும்பினாய். முதல் ஸ்விட்சில் ஃபேன் ஓடியது. இரண்டாவதில் வெளியே போர்டு லைட் எரிந்தது. மூன்றாவதைத் தட்டினாய், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாய். இன்ஸ்பெக்டர் மெதுவாக, "இல்லி எஷ்டு வர்ஷதிந்த இதீரா சார்?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று. நீ இன்னும் தடவிக்கொண்டே இருந்தாய். அங்கிள்தான் சிரித்துக்கொண்டே லைட்டைப் போட்டார். நான் அன்று உனக்காக வெட்கப்பட்டேன். பிறகு வெட்கப்படுவதை நிறுத்திவிட்டேன். ஒருவன் தன் பெயர் மாட்டிய கடையில் லைட்டு போடத் தெரியாமல் நிற்கிறான், மறுநாள் வழக்கம் போல வேலைக்குப் போகிறான், அவனுக்காக நான் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அதன் பிறகு இரண்டு நோட்டீஸ் வந்தன. ஒன்று கடைக்கு. சீட்டு இல்லாமல் மாத்திரை விற்றது, பார்மசிஸ்ட் இல்லாமல் கடை திறந்தது ஏன் என்று. இன்னொன்று கவுன்சிலிலிருந்து உனக்கு. உன் பெயரைப் பதிவிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று. பதிவு போனால் உன் படிப்பு போனது மாதிரிதான். அந்த நாளில் நீ அழுதாய், அதையும் நான் பார்த்தேன். உன் அழுகையைக் கேலி செய்ய மாட்டேன். அழுது முடித்துவிட்டு நீ என்ன செய்தாய் என்பதைத்தான் கேலி செய்வேன்.

நீ ஒரு செருப்பு வாங்கக் கமர்ஷியல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறவன். போன் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் வீடியோ பார்க்கிறவன். உன் வாழ்க்கையைக் காப்பாற்ற வக்கீல் வேண்டும் என்றபோது, "அங்கிளோட வக்கீலே நமக்கும் பாத்துக்குறாராம், ஃபீஸ் கூட வேணாம்னுட்டார்" என்று சந்தோஷமாக வந்து நின்றாய். அப்பாவையும் என்னையும் மல்லேஸ்வரத்தில் அவர் ஆபீசுக்குக் கூட்டிப் போனாய். நல்ல ஆபீஸ்தான், ஏசி இருந்தது. கண்ணாடி அலமாரியில் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் ஒரே உயரத்தில் நின்றன, பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் மடியில் எல்லாம் சைட்டு பத்திரம், வீட்டுமனைத் தகராறு. அவர் சைட்டு கேஸ் வக்கீல். வேலி போட்டது யார், எல்லைக் கல்லைப் பிடுங்கியது யார் என்பதில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். நீ நோட்டீஸை நீட்டினாய். அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "கவுன்சிலா? இதெல்லாம் ஒரு லெட்டர்ல முடிச்சிடலாம்பா. உள்ள நம்மவங்க இருக்காங்க" என்றார். நீ, "தேங்க்யூ சார்" என்றாய். அவர் உன்னை அடுத்த கேஸ்காரருக்காக எழுந்திருக்கச் சொன்னார், அதற்கும் தேங்க்யூ சொன்னாய். கவுன்சில் முன்னால் இதற்கு முன் நின்றிருக்கிறீர்களா என்று நீ கேட்கவில்லை. அங்கிளுக்கும் எனக்கும் நாளைக்குத் தகராறு வந்தால் நீங்கள் யார் பக்கம் என்று கேட்கவில்லை. நான் உங்கள் கட்சிக்காரனா, அல்லது உங்கள் கட்சிக்காரரின் மாட்டுவண்டியில் பின்னால் கட்டிய வைக்கோலா என்றும் கேட்கவில்லை. அப்பா ஆபீசை விட்டு வெளியே வந்ததும், "பெரிய எடம்பா" என்றார். வாசலில் காபி குடித்துவிட்டு மெட்ரோ ஏறினோம்.

அப்புறம் அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள், வக்கீலும் அங்கிளும், ஹனி கேக் டப்பாவோடு. பெரிய வக்கீல் ஏன் நம் ஒற்றை அறை வீட்டுக்கு வருகிறார் என்று நீ ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அன்று பேசியதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், நீ போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழாமல் போயிருக்கும்.

"சிம்பிள் மேட்டர்" என்றார் வக்கீல். "தம்பி எப்பவும் கடையிலதான் இருந்தாரு. அன்னிக்கு ஒரு டீ குடிக்க வெளிய போனாரு. அந்த கேப்புல பாப்பா தெரியாம மாத்திரையைக் குடுத்திடுச்சு. அதுக்கு முந்தியும் ரெண்டு மூணு வாட்டி, யாருக்கும் தெரியாம. ஸ்கூல் முடிக்காத பொண்ணு, சீட்டு கேக்கணும்னு அதுக்கு என்ன தெரியும்? பாப்பா ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துட்டா முடிஞ்சுது."

"பாப்பாவுக்கு என்ன லைசென்ஸா போவப் போவுது?" என்று அங்கிள் சிரித்தார்.

அப்பாதான் கொஞ்சம் பயந்து, "கோர்ட்டு கீர்ட்டுன்னு பொம்பளப் புள்ளைய அலைய விடுவாங்களா சார்?" என்று கேட்டார்.

"சேச்சே. ஒரு கையெழுத்து. அவ்ளோதான் ஐயா."

அப்பா என் பக்கம் திரும்பி, "அண்ணன் வாழ்க்கைம்மா" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். எல்லோரும் பார்க்கும்படிதான் பார்த்தேன். இல்லை, அவள் தானாகக் கொடுக்கவில்லை, அங்கிள் சொல்லித்தான் கொடுத்தாள் என்று நீ ஒரு வரி சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிந்த வரி, நான் வேலையில் சேர்ந்த வாரமே உன்னிடம் அழுதுகொண்டே சொன்ன வரி. நீ போனிலிருந்து தலையைத் தூக்கி, டப்பாவை என் பக்கம் தள்ளி, "கேக் எடுத்துக்கோ" என்றாய்.

அண்ணா, உன்னை வெறுக்கக்கூட முடியவில்லை. வெறுப்பதற்கு எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நான் எழுந்து சமையலறைக்குள் போனேன். பின்னால் அங்கிள், "வெக்கப்படுது. சம்மதம்தான்" என்பது கேட்டது. என் கூச்சத்தை நம்பி வக்கீலும் முதலாளியும் ஒரு கேஸையே கட்டியிருந்தார்கள். மறுநாள் நீ அலுவலகம் போகும்போது, உன் நோட்டீஸும் கடை நோட்டீஸின் நகலும் வக்கீல் தட்டச்சு செய்து விட்டுப்போன ஸ்டேட்மென்டும் இருந்த கவரை நீட்டி, அதோடு வைக்க என் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்து வைக்கும்படி சொன்னாய். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஷூ லேஸைப் பார்த்துச் சொன்னாய். அந்த வாரக் கடைசியில் அறை பார்த்துப் போயும் விட்டாய்.

ஜெராக்ஸ் எடுக்க விவேக் நகருக்குப் போனேன். அந்தக் கடையில் வேலை செய்கிறவள் என்னோடு படித்தவள். தட்டச்சு செய்த ஸ்டேட்மென்டை இயந்திரத்தில் வைக்கும்போது இரண்டு வரி படித்துவிட்டாள். "ஏய், இது உன் பேர்ல இருக்கே. என்னடி பண்ணி வெச்சிருக்கே?" என்றாள். தாளைக் கேட்டுக் கையை நீட்டினேன். "மாடியில வக்கீல் மேடம் இருக்காங்க. சும்மா போய்க் கேளு, திங்க மாட்டாங்க" என்று என்னைப் படியில் தள்ளிவிட்டாள். மாடியில் ஏசி இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, முதுகு கிழிந்த புத்தகங்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "வக்கீல் யாருக்கு வேணும்?"

"அண்ணனுக்கு" என்றேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன்.

அவர் உன் நோட்டீஸை, கடைக்கு வந்ததன் நகலை, ஸ்டேட்மென்டை எல்லாம் கடைசிப் பக்கம் வரை படித்தார். நடுவில் ஒருவர் எட்டிப் பார்த்தபோது, "வெயிட் பண்ணுங்க" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதை உனக்குப் புரிகிற மாதிரி நான் எழுதுகிறேன். நீ எப்போதும் கடையில் இருந்தாய் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தால், கடையில் விற்ற ஒவ்வொரு மாத்திரைக்கும் நீயே பொறுப்பு. நீ பார்ட்னரும்கூட, அதனால் கடை லைசென்ஸ் போய் அங்கிளுக்கு நஷ்டம் வந்தால், உன் அஜாக்கிரதையால் வந்தது என்று அதே கடிதத்தைக் காட்டி அவர் உன் மேலேயே கேஸ் போடலாம். போடும் வக்கீல் யார் தெரியுமா? இன்று உனக்குச் சும்மா எழுதித் தருகிறவர். உன் கம்பெனி வருகைப் பதிவை யாராவது கேட்டு வாங்கினால், நீ கடையில் இருந்தாய் என்பது பொய் என்று ஆகிவிடும். அப்போது தவறோடு பொய்யும் சேரும். "தப்பு பண்ணவங்களை கவுன்சில் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாலும் வெக்கும், பேரை எடுத்தாலும் எடுக்கும். நான் எதுவும் ப்ராமிஸ் பண்ண மாட்டேன். ஆனா பொய் சொன்னவங்க மேல அவங்களுக்குக் கோவம் ஜாஸ்தி வரும்" என்றார். கடைத் தகராறு வேறு, கவுன்சில் வேறு, ஆனால் ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் படிப்பார்கள் என்றும் சொன்னார். "உங்க அண்ணனுக்கும் கடைக்காரருக்கும் ஒரே வக்கீலா? ஒருத்தரைக் காப்பாத்தணும்னா இன்னொருத்தரைப் பலி குடுக்கணும். இதுல அண்ணனையும் குடுத்தாச்சு, உன்னையும் குடுத்தாச்சு. நல்லா இருக்கு." அவர் உன்னை நினைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உன்னை வைத்து வெளியாள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் படிக்கட்டில் நின்று உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கும். "லூசா நீ? அங்கிளுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? அவரு ஃப்ரீயா பண்ணித் தர்றாரு, நீ போய் ரோட்டுல போற வக்கீலைப் பாத்துட்டு இருக்கே" என்று வைத்துவிட்டாய். அங்கிள் என்ன நினைப்பார்! உன் பெயர் போகிறது, உன் தங்கை பெயர் போகிறது, அங்கிளின் மனம் மட்டும் கோணக் கூடாது. ஒரு பப்ஸுக்கு இவ்வளவு விசுவாசம் நாய்கூடக் காட்டாது, ஏனென்றால் நாய் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்னும்.

திரும்பி மேலே போனேன். அண்ணன் வரமாட்டார் என்றேன். அந்த அம்மா, "சரி. அப்போ உனக்கு?" என்று கேட்டார். எனக்கா என்றேன். "இதுல கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறது உன்னைத்தானே? நாளைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேக்கப் போறதும் உன்னைத்தான். உனக்குத்தான் முதல்ல ஆள் வேணும்" என்றார். பள்ளியை விட்ட பிறகு எனக்கென்று ஒருவர் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியானால் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்தே பாருங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், அப்போதும் உனக்காகத்தான் கெஞ்சினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினார். "உன்னை எடுத்தா அவரை எடுக்க மாட்டேன்மா. நீ சொல்றதும் அவர் சொல்றதும் முட்டிக்கிச்சுன்னா நான் ஒருத்தரை விட்டுக் குடுக்கணும். அந்தப் பொழைப்பு எனக்கு வேணாம். அவரு எதிர்ல வந்து உக்காந்தா நான் உன் பக்கம் நின்னுதான் கேள்வி கேப்பேன். யோசிச்சுச் சொல்லு." ஃபீஸ் இவ்வளவு, எதற்கு எவ்வளவு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். சும்மா செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பிடித்தது.

நான் யோசித்தேன். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு "சரி" என்றேன். இந்தத் தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அண்ணா. அது எனக்காக மட்டும். அங்கிளின் ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "குடும்பத்துல ஆளுக்கொரு வக்கீலா?" என்றார். அவர் பாவம். அவருக்கு எல்லாம் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்ப வேண்டும்.

உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. மல்லேஸ்வரத்து ஆள் எழுதிய பதிலில் நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று அப்பா சொன்னார். போடாதே. கவுன்சில் விஷயம் பார்த்த ஒருவரைத் தேடு. செருப்புக்கு அலைந்ததில் பாதி அலைந்தால் போதும். அங்கிள் கூட்டி வருகிறவர் வேண்டாம், என் மேடமும் உனக்குக் கிடையாது. உட்கார்ந்ததும், நீங்கள் என் ஒருவனுக்கு மட்டும் வக்கீலா என்று கேள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னை நினைத்துக்கொள், நானே வாயைத் திறந்துவிட்டேன். முதல் நாளே வெற்றி என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. தேங்க்யூ சொல்லத் தேவையில்லை. பார்ட்னர் பத்திரத்தைக் கொடுத்து, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்றும் கேள். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு.

இதைச் செய்தால் உன் பதிவு தப்பும் என்று நான் சொல்லவில்லை. தப்பாமலும் போகலாம். ஆனால் விசாரணைக்கு என்னைக் கூப்பிடும் நாளில், அந்த அறையில் எத்தனை பேர் இருந்தாலும், அங்கிள் எதிரே உட்கார்ந்து சிரித்தாலும், நான் உள்ளதைச் சொல்வேன். கடையில் உன் சர்டிபிகேட் இருந்தது, நீ இல்லை என்பேன். மாத்திரையைக் கொடுக்கச் சொன்னது யார் என்பேன். உனக்குத் தெரியும், அத்தனை பேர் முன்னால் அவ்வளவும் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், நீ எனக்குச் செய்யாத எல்லாவற்றுக்கும் பதிலாக. எனக்கு முன்னால் நீ சொல்லிவிடு. நீ சொல்லியிருந்தால், அவர்கள் என் பக்கம் திரும்பும்போது நான் "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் போதும்.

உன் தங்கை